நான்கு விரல் நுனி

“யாரு போட்டது இந்த முடிச்சை? உண்மையைச் சொல்லு!”

“நேத்தும் இதையேதான் கேட்டீங்க. நேத்தும் இதையேதான் சொன்னேன். நான் போடல.”

“அப்ப கயிறே எழுந்து உட்காந்து தனக்குத்தானே முடிச்சு போட்டுக்கிச்சா? ஷட்டர் சாவி என்கிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு. மூணாவது ஆள் யாரு?”

“கத்தாதீங்க மாஸ்டர். எதிர்வீட்டு ஜன்னல்ல தையல் அக்கா நின்னுட்டிருக்காங்க.”

நான் நிற்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. வெளிச்சம் அங்கேதான் வருகிறது. ஒட்டுக் கேட்பது என் பழக்கமில்லை. ஆனால் தெருவில் எழும்புகிற சத்தமெல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தால் நான் என்ன செய்ய? காதைக் கழற்றி நூல்கண்டு டப்பாவிலா வைக்க முடியும்?

எதிர்வீட்டுக் கீழ்த்தளம் ஒரு காலத்தில் டயர்க் கடை. அப்போது மலையேற்றப் பயிற்சிக்கூடம். சுவரில் தரையிலிருந்து கூரைவரை பலகை அடித்து, அதில் கலர் கலராகக் குமிழ்களைத் திருகி வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், கைவழுக்கி மெத்தைமேல் விழுவார்கள், மறுபடி ஏறுவார்கள். இதற்குச் சந்தா வேறு. ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறைகளில் ஒரு வருடம் பழகியபிறகு, எங்கேயோ இருக்கிற பனிமலைக்குப் புறப்படுவார்கள். அதனால் கொதிக்கிற வெயிலில் பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதுகில் மணல் மூட்டையோடு, எங்கள் தெருப் படிக்கட்டில் எண்பது தடவை ஏறி இறங்குவார்கள். கம்பளிக் கையுறை மாட்டிய கையால் முடிச்சு போட்டு, முடிச்சு அவிழ்த்துப் பழகுவார்கள். கிழிந்த பையும் தேய்ந்த முழங்கால் துணியும் என்னிடம்தான் தைக்க வரும். அப்படித்தான் நான் அவர்களுக்குத் ‘தையல் அக்கா’ ஆனேன். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். “தூங்கும்போதாவது கழட்டு. ராத்திரி என்னை அளந்து பாத்துடப் போறே” என்பார் என் வீட்டுக்காரர்.

மாஸ்டர் கழுத்திலும் ஒன்று தொங்கும். கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று தெருவில் இரண்டு மூன்று பேருக்கு நெடுநாள் சந்தேகம். “மலைல நேரம்தான் உயிர்” என்று நாளைக்கு இருபது தடவை சொல்வார். வாட்டசாட்டமான ஆள், அதைவிட வாட்டசாட்டமான குரல். அவர் கூடத்துக்குள் விசில் ஊதினால் என் வீட்டில் பால் பொங்கும்.

அன்று அவரோடு மல்லுக்கு நின்றவள் சின்னவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. காலையில் பாறை, பகலில் எலும்பு. இன்னும் மூன்று வாரத்தில் மாஸ்டரோடு ஒரே கயிற்றில் பனிமலை ஏறுவதாக ஏற்பாடு.

“இதோ பாரு,” என்று மாஸ்டர் குரலை உயர்த்தினார். “இந்த அக்கறை உங்கக்காவுக்கு இருந்திருக்கணும். அன்னைக்கு அவ ஒரு முடிச்சு போட்டிருந்தா, இன்னைக்கு உயிரோட இருந்திருப்பா!”

நான் மெஷினை நிறுத்தினேன்.

சின்னவள் கத்தவில்லை. “மாஸ்டர், அந்த முடிச்சை நல்லாப் பாருங்க. நுனி நாலு விரல் விட்டிருக்கு. அப்படிப் போடறது இந்த ஊர்லயே ஒருத்திதான்.”

தைத்து முடிக்காத பை ஒன்று மடியில் கிடந்தது. முடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கூடத்துக்குள் எப்போதும் பழைய டயர் வாசனை அடிக்கும். அன்று அடிக்கவில்லை. மழையில் நனைந்த கல்லின் வாசனை. நாற்பது நாளாக மழை இல்லை. சுவரில் ஆறு கயிறுகள் சுருட்டி மாட்டியிருந்தன. ஆறு கயிற்றுக்குப் பன்னிரண்டு நுனி. பன்னிரண்டிலும் முடிச்சு. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. நுனியில் என் நான்கு விரலை வைத்துப் பார்த்தேன்.

சரியாக நான்கு விரல்.

பெரியவளைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. அவளைப் ‘பல்லி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சுவரில் ஒட்டினால் விழமாட்டாள். பாலத்தடியில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தாரே, அவருடைய மூத்த மகள். தாயில்லாத இரண்டு பெண்களையும் வளர்த்தவர் அவர். அவர் வேலை முழுக்கக் கம்பியும் கயிறும். “ரெண்டு தடவை பாரு, அப்புறம் இன்னொரு தடவை பாரு” என்பார். முடிச்சின் நுனி நாலு விரல் நீளம் இருக்கவேண்டும், அப்போதுதான் உருவிக்கொண்டு வராது என்று மகள்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஊருக்குப் பின்னால் ‘மூக்கு’ என்று ஒரு பாறை. கீழே இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு திட்டு. திட்டுக்கு அப்பால் பள்ளம். திட்டிலிருந்து செங்குத்தாக ஏறினால் மேலே ஒரு இரும்பு வளையம் அடித்திருக்கும். ஏறியவர்கள் கயிற்றை அந்த வளையத்தில் நுழைத்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்துச் சறுக்கி இறங்குவார்கள். கயிற்றின் நடுவில் கறுப்பாக ஒரு அடையாளம் உண்டு. அதை வளையத்தில் நிறுத்தினால் இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் திட்டைத் தொடும். நுனியில் முடிச்சும் போட்டுவிட்டால், கயிறு தீர்ந்தாலும் ஆள் கழன்று விழமாட்டார்.

இதற்கு முந்தின வருடம், மூடுபனி நாளில், பல்லி கழன்று விழுந்தாள். திட்டில் நின்றிருந்த மாஸ்டருக்குப் பக்கத்தில் விழுந்து, திட்டில் பட்டு, பள்ளத்துக்குள் போனாள்.

“முடிச்சு போட மறந்துட்டா” என்றார் மாஸ்டர். எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

‘அலட்சியம்’ என்று ஒரு வார்த்தையில் கதை முடிந்தது. அந்த வார்த்தையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தவர்கள் அதிகம்.

மெக்கானிக் அண்ணா அதற்குப்பிறகு மகள் பெயரைச் சொன்னதில்லை. படம் மாட்டவில்லை. போலீஸ் திருப்பிக் கொடுத்த கயிற்றைச் சாக்கோடு கட்டிலுக்கடியில் தள்ளினார். வேலை செய்கிற இடத்தில் ஒருவன், “பெத்த பொண்ணுக்கே சொல்லிக் குடுக்கல, நமக்குச் சொல்ல வந்துட்டாரு” என்றானாம். சின்னவள் மலை ஏறக் கூடாது என்றார். அவள் கேட்கவில்லை. “எங்கக்கா மறக்கமாட்டா. எப்படி விழுந்தான்னு தெரியறவரைக்கும் நான் அந்தாளு பக்கத்துலதான் இருப்பேன்” என்று என் வாசலில் நின்று சொன்னாள். துணிச்சல்காரிதான். ஆனால் தெரிவதற்கு முன்னாலேயே அந்த ஆளோடு பனிமலைக்கு ஒரே கயிற்றில் போகப்போகிறாளே என்றுதான் எனக்குக் கவலை.

முடிச்சுகள் கயிற்றோடு நிற்கவில்லை.

மாஸ்டரின் ஷூ லேஸில் வந்தது. பை வாரில் வந்தது. போன் சார்ஜர் ஒயரில் வந்தது. “எலி” என்றார் முதலில். முடிச்சு போடத் தெரிந்த எலி! பூட்டை மாற்றினார். சின்னவளிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியவர் அரைமணி நேரம் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றார். அன்று நான் தைத்த சட்டையில் காலர் கோணலாகிவிட்டது. கண் எதிரே இருந்தால் கை எங்கே போகும்?

ஒரு நாள் சாயங்காலம் படியேறி என் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, இந்த வாட்ச் கயித்தைக் கொஞ்சம் மாத்திக் குடுங்க.”

வயிறுவரை தொங்கிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்ச் இப்போது நெஞ்சில் இருந்தது. கயிற்றில் வரிசையாக ஐந்து முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் கயிறு கொஞ்சம் குட்டையாகியிருந்தது. கறுப்புக் கயிற்றில் வெள்ளைப் பொடி தடவிய விரல்கள் பட்ட தடம். கை வழுக்காமலிருக்க ஏறுகிறவர்கள் பூசிக்கொள்கிற பொடி. தடம் சின்னது. பெண் விரல்.

“அவிழ்க்க வேண்டியதுதானே?” என்றேன்.

“அவிழ்த்தா ராத்திரியே திரும்ப வந்துடுது.”

“கழட்டி வச்சிடுங்களேன்.”

“கழட்டினேன் அக்கா.” அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, கிசுகிசுத்தார். “அலமாரில வச்சுப் பூட்டினேன். காலைல எழுந்தா கழுத்துலதான் இருக்கு.”

பழையதை வெட்டிப் போட்டுவிட்டு, பை வாருக்கு வைத்திருந்த கெட்டிப் பட்டையை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். போகவில்லை. என் பால்கனியையே பார்த்தார்.

“அக்கா… உங்க துணிக் கயிறு இருக்கே. அதைத் திருப்பிக் குடுத்துடறீங்களா? வேற புதுசு வாங்கித் தரேன்.”

“ஏன், அதுக்கென்ன? ஈரப் போர்வையைப் போட்டாலும் தொய்யல. நல்ல கயிறாச்சே.”

“சும்மாதான்… சரி, இருக்கட்டும்.”

படியிறங்கித் தெருவில் கால் வைத்தார். நின்றார். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். மேலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

புதுப் பட்டையில் ஆறு முடிச்சு.

அன்றிரவு நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

காலையில் பால்கனிக் கதவைத் திறந்தேன். காயப்போட்டிருந்த துணியெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கித் தள்ளியிருந்தது, யாரோ கயிற்றைப் பார்க்க வசதி செய்ததுபோல. சிவப்புக் கயிறு மொட்டையாக நின்றது. இரண்டு பக்கமும் கொக்கியில் நான் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. அதைத் தாண்டி, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முடிச்சு.

அளக்காமலே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் அண்ணா தைக்கக் கொடுத்த வேலைப் பேன்ட்டை வாங்க வந்தார். அதிகம் பேசாத மனிதர். பேன்ட்டை வாங்கியவர் கண் பால்கனிக்குப் போயிற்று.

“இது மலைக் கயிறாச்சே தங்கச்சி. எங்கே கிடைச்சுது?”

“மாஸ்டர் குடுத்தார் அண்ணா. நுனி நைஞ்சுபோச்சுன்னு வெட்டினாராம். துணி காயப்போட வச்சுக்குங்க, யானையைக் கட்டலாம்னார்.”

“எப்போ?”

“போன வருஷம். பெரியவ போறதுக்கு… மூணு நாள் முன்னாடி.”

எதில் வெட்டினார், எங்கே வைத்து வெட்டினார் என்று அண்ணா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“டேப் குடு.”

கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கயிற்றை அவிழ்த்து, முடிச்சுகளையும் பிரித்து அளந்தார். ஆறு மீட்டர். இறங்கிப் போனார். கால் மணி நேரத்தில் சாக்கோடு திரும்பி வந்தார். என் தையல் அறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு வருடமாகப் பிரிக்காத சாக்கின் வாயைப் பிரித்தார்.

சிவப்புக் கயிறு. அதே சிவப்பு.

நடுவிலிருந்த கறுப்பு அடையாளத்தைத் தேடிப் பிடித்தார். அதை மெஷின் காலில் மாட்டி, இரண்டு இழையையும் ஒரே கைக்குள் சேர்த்துப் பிடித்து, மெல்ல உருவிக்கொண்டே போனார். அறையில் கயிறு சரசரக்கிற சத்தம் மட்டும். சுவர்வரை போய்த் திரும்பினார். மறுபடி போனார், திரும்பினார். அவர் உதடு எதையோ எண்ணியது.

ஒரு இழை தீர்ந்தது.

இன்னொன்று அவர் கைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் நின்றார். அவர் மகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு கைக்குள் கயிறு இருக்கும், இன்னொன்றில் சட்டென்று ஒன்றுமிருக்காது. மிச்ச இழை நீண்டு கிடந்த இடத்தில் என் துணிக் கயிற்றை வைத்தார். ஒரு விரற்கடை கூட மிச்சமில்லை. பொருந்தியது.

“ஒரு பக்கம் வெட்டிட்டா இந்தக் கறுப்பு நடு இல்ல தங்கச்சி,” என்றார். குரல் நடுங்கவில்லை; அதுதான் பயமாக இருந்தது. “அதை அழிச்சுப் புதுசாப் போடணும். இல்லைன்னா ஏறுறவங்ககிட்ட சொல்லணும். அவ இந்த அடையாளத்தைத்தான் நம்பியிருக்கா. ரெண்டு தடவை பாத்திருப்பா. மூணு தடவைகூடப் பாத்திருப்பா.”

பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “ஆனா முடிச்சு? அதை ஏன் போடாம விட்டா?” என்றார்.

“சின்னவ எங்கே அண்ணா?”

அவர் முகம் மாறியது. “மூக்குக்கு. கடைசிப் பயிற்சின்னு விடிஞ்சதும் கிளம்பினாங்க.”

நான் வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாழ்நாளில் போகாத வேகத்தில் போனேன். என் வீட்டுக்காரர் எதிரே வந்தார், என்ன ஏது என்று கேட்க வாயைத் திறந்தார், நாங்கள் கடந்துவிட்டோம்.

மலையடியில் வெயில். பாதையில் ஏற ஏற மூடுபனி. திட்டை நெருங்கும்போது என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த வாசனை வந்தது, நனைந்த கல்.

சின்னவள் திட்டில் நின்றிருந்தாள். இடுப்பில் கயிறு கட்டி, பாறையில் கை வைத்துவிட்டாள். மாஸ்டர் ஏற்கெனவே மேலே ஏறி வளையத்தருகே இருந்தார். பனிக்குள் ஆள் தெரியவில்லை.

“ஏறாதே!”

அண்ணா கத்திக்கொண்டே ஓடினார். மகள் இடுப்பிலிருந்த கயிற்றை அவர் கையாலேயே அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “அதானே பாத்தேன்” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணா மேலே பார்த்தார். “டேய்! அந்தக் கயித்தை அளந்துட்டேன்டா! ஆறு மீட்டர்! இறங்கி வா!”

மேலேயிருந்து பதில் இல்லை. கயிறு மட்டும் விறுவிறுவென்று மேலே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு இழையாகக் கீழே இறங்கி வந்து, எங்கள் முகத்துக்கெதிரே ஆடியது. இரண்டு நுனியும் மொட்டை.

சின்னவளுக்குப் பழக்கதோஷம். “மாஸ்டர், முடிச்சு இல்ல!” என்றாள்.

“போட்டிருக்கேனே!”

“இல்ல!”

கயிறு மேலே போயிற்று. திரும்பி வந்தது.

மொட்டை.

நுனி இன்னும் வளைந்திருந்தது, இப்போதுதான் யாரோ முடிச்சை அவிழ்த்த மாதிரி. ஈரம் சொட்டியது.

“இப்போ?” மாஸ்டர் குரலில் அழுகை.

“இல்ல மாஸ்டர்.”

மூன்றாம் தடவை கயிறு மேலே போனபோது அந்தக் குரல் கேட்டது. மேலேயிருந்து இல்லை. பாறைக்குள்ளிருந்து.

“மாஸ்டர், கீழே ஒண்ணுமே தெரியல. முடிச்சு போட்டுட்டு வரேன்.”

சின்னவள் என் கையைப் பிடித்த பிடி ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அண்ணா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஒரு வருடமாக அவர் சொல்லாத பெயரைச் சொல்ல முயன்றார் என்று நினைக்கிறேன்.

பிறகு மாஸ்டரின் குரல். அந்தப் பழைய, பெரிய, பால் பொங்குகிற குரல்.

“வேண்டாம்! முடிச்சு விரிசல்ல மாட்டிக்கும்! பதினோரு நிமிஷம் ஆச்சு! கறுப்பு வளையத்துல இருக்கில்ல? அப்புறம் என்ன? இறங்கு!”

“நான் பேசல!” மேலேயிருந்து அலறினார் மாஸ்டர். இரண்டு குரலும் ஒருவருடையதுதான். ஒன்று கத்தியது, ஒன்று அழுதது. “அது நான் இல்ல! நான் வாயே திறக்கல!”

பாறை பதில் சொன்னது.

“சரி மாஸ்டர்.”

அவ்வளவுதான். அதற்குப்பிறகு ஒன்றுமில்லை.

அண்ணா பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டார். “போட்டுட்டு வரேன்னாளே,” என்றார். “கேட்டியா தங்கச்சி? போட்டுட்டு வரேன்னு சொன்னாளே.”

மேலே மாஸ்டர் சொல்லத் தொடங்கிவிட்டார். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். நான்தான் வெட்டினேன். அடையாளத்தை மாற்ற மறந்தேன். முடிச்சு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவள் விழுந்ததும் புரிந்துவிட்டது. பயந்துபோய் அவள்மேல் பழியைப் போட்டேன். திரும்பத் திரும்ப, மூச்சு விடாமல். பிறகு அந்தக் குரல் தேயத் தொடங்கியது. இருமல். கரகரப்பு. கடைசியில் விசில் மாதிரி ஒரு மூச்சு மட்டும்.

கயிறு நான்காம் தடவையாக இறங்கி வந்தது.

இரண்டு நுனியிலும் முடிச்சு. நான்கு விரல்.

சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தார் மாஸ்டர். முகம் நீலம். ஸ்டாப்வாட்ச் தொண்டைக்குழியில் புதைந்திருந்தது. நான் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்த பட்டை முழுக்க முடிச்சாகி, கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சுருங்கியிருந்தது. எண்ண முடியாத முடிச்சு. அவர் இரண்டு கையாலும் பிய்த்தார். ஒரு நகம்கூட உள்ளே போகவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக்.

அண்ணா கருவிப் பையைத் திறந்தார். கம்பி வெட்டும் கத்தரியை எடுத்தார்.

எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று போலீஸ் கேட்டபோது, உடனே வெட்டினார் என்று சொன்னேன். உடனே வெட்டவில்லை. மாஸ்டரின் கால் உதறுவது குறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பா,” என்றாள் சின்னவள். “அக்கா முடிச்சு போட்டுத்தான் இவரைக் கீழே அனுப்பியிருக்கா.”

அண்ணா குனிந்தார். வெட்டினார். வாட்ச் கீழே விழுந்து நின்றது. சின்னவள் எடுத்துப் பார்த்தாள். பதினோரு நிமிடம், நாற்பது வினாடி.

அதன்பிறகு நடந்ததெல்லாம் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருப்பேன். மாஸ்டர் எழுதித்தான் வாக்குமூலம் கொடுத்தார். குரல் திரும்பி வரவேயில்லை. வழக்கு, தண்டனை எல்லாம் முடிந்து, மேடு என்று சொல்ல ஒரு மணல்குவியல்கூட இல்லாத தட்டையான ஊராகப் பார்த்துக் குடிபோய்விட்டார். லேஸ் இல்லாத செருப்புதான் போடுகிறாராம். காலர் வைத்த சட்டை போடுவதில்லையாம். தூங்கப் போகுமுன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாராம். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஊரிலும் ஒருத்தி ஜன்னலோரம் தைக்கிறாள்.

பயிற்சிக்கூடத்தில் இப்போது மெத்தைக் கடை. அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம்.

சின்னவள் வேறு குழுவோடு பனிமலைக்குப் போய் உச்சியைத் தொட்டு வந்தாள். எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளோடு சண்டைக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பையனையே கல்யாணம் செய்துகொண்டு கடலோர ஊருக்குப் போய்விட்டாள். மெக்கானிக் அண்ணாவும் அவர்களோடு போனார். போகுமுன், காலியான வீட்டில் கடைசியாகச் சுவரிலிருந்து இறக்கியது பெரியவளின் படத்தை. ஒரு வருடம் மாட்டாமல் வைத்திருந்ததை மாட்டி, ஆறு மாதம் பார்த்துவிட்டு, மடியில் வைத்து எடுத்துப் போனார். என் துணிக் கயிற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

போன வாரம் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், துணி தைக்கக் கொடுக்க வந்தவள், இந்தக் கதையைக் கேட்டாள். சொன்னேன். “கயிறு வெட்டினது உங்களுக்கு அப்பவே தெரியாதா அக்கா?” என்றாள்.

“எனக்கெப்படிம்மா தெரியும்? எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்றேன்.

மெஷின் நின்றது. ஊசிக்குக் கீழே நூல் முடிச்சு விழுந்திருந்தது. நூலில் விழுகிற வழக்கமான சிக்கல் இல்லை. அழகாக, இறுக்கமாக ஒரு முடிச்சு.

அறுத்துவிட்டு மறுபடி கோத்தேன். மறுபடி விழுந்தது.

சரி, சொல்லிவிடுகிறேன். அன்று மாஸ்டர் கயிற்றை வெட்டியது என் பெரிய கத்தரிக்கோலால். என் அறையில். பிரியாமலிருக்க நுனியை உருக்கியது என் இஸ்திரிப்பெட்டியில். “நடு அடையாளத்தை மாத்தணும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். மூன்றாம் நாள் அவள் விழுந்தபோது அது நினைவுக்கு வந்தது. வராமலில்லை. ஆனால் அதற்குள் ‘அலட்சியம்’ என்று நான்கு வீட்டில் சொல்லிவிட்டேன். கயிறும் நல்ல கயிறு.

இதைச் சொல்லிவிட்டால் பெரியவள் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை எழுந்து முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தேன். ராத்திரி மெஷின்மேல் கழற்றி வைத்த அளவு டேப் கழுத்தில் இருந்தது. வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

ஒரு முடிச்சு. ஒன்றே ஒன்றுதான்.

டேப் கொஞ்சம் குட்டையாகியிருக்கிறது.